முந்தானையில் கட்டிய கை

செஞ்சி, 1964

அன்புள்ள நைனா,

ஆஸ்பத்திரியில் புண் ஆறுகிறதா? அம்மா தூங்குகிறாள். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றாள், பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

ஷாக் அடித்து உங்களைத் தூக்கி எறிந்த மைக் செட் ஆம்ப்ளிஃபயரை இன்று அம்மா திறந்தாள்.

“பிளக்கப் புடுங்குனா போதும்னு உங்க நைனா நெனச்சாரு. கரண்ட்டத் தேக்கி வெக்கிற கண்டென்சர்ல இன்னும் கரண்ட் இருக்குதுடி” என்றாள். நெஞ்சு வழியாக அது பாயாமலிருக்க, இடது கையை முந்தானையால் முதுகோடு கட்டச் சொன்னாள். நான்தான் கட்டினேன். குண்டு பல்பின் ஒரு ஒயரை ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் மாட்டி, மறு ஒயரால் கண்டென்சரைத் தொட்டாள். பல்பு மின்னி அணைந்தது. மறுபடி தொட்டாள், எரியவில்லை. அப்புறம்தான் கையை அவிழ்க்கச் சொல்லிப் பழுது பார்த்தாள்.

நாளை மேல்மலையனூர் அமாவாசையில் நம் மைக் செட் பாடும். அவளைத் திட்டாதீர்கள். நீங்கள் வந்ததும், இனிப் பெட்டியைத் திறக்கும்போது உங்கள் இடது கையைக் கட்ட ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்