மேல்மாடி காலியாக வேண்டும்

மார்ச் 4

மேல்மாடியில் குடியிருக்கும் பல்செட்காரருக்கு,

நேற்றுவரை தம்பி என்று கூப்பிட்ட வாய்தான். இனி அந்த வார்த்தை வராது. மூன்று மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யவும்.

முன்பென்றால் மாடிப்படிக்குக் கீழே நின்று ஒரு சத்தம் போட்டால் முடிந்துவிடும். இப்போது புதுச் சட்டமாம், எல்லாம் எழுத்தில்தான் கொடுக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, இடுப்பொடிய உழைத்து நான் கட்டிய வீடு. அதைத் திருப்பிக் கேட்க நானே மனுப் போட வேண்டியிருக்கிறது, கொடுமை!

காரணமும் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். என் மகன் குடும்பத்தோடு வருகிறான். மேலே அவன்தான் இருக்கப்போகிறான்.

வீட்டுக்காரி

*

மார்ச் 6

வீட்டுக்கார அம்மாவுக்கு வணக்கம்.

கடிதத்தைக் கதவுக்கு அடியில் செருகிவிட்டு, நான் திறப்பதற்குள் இறங்கி ஓடிவிட்டீர்களே, முழங்கால் வலி எங்கே போயிற்று?

போன வருஷம் வாடகையை ஏற்றப் பார்த்தீர்கள். குளியலறை ஒழுகலை அடைக்காமல் ஏற்ற முடியாது என்று சட்டம் சொன்னதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டீர்கள். இப்போது மகன் வருகிறாராம். நான் குடிவந்த நாளிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் திடீரென்று வருகிறாரா? யாருக்கு அம்மா காது குத்துகிறீர்கள்?

குடிவரப்போகிறவரே வாடகை ஆபீஸ் விசாரணைக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். வரச் சொல்லுங்கள். வந்தால் அன்றைக்கே பல்செட் செய்யும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன். அதுவரை அசையமாட்டேன். என் மகளுக்குப் பள்ளிக்கூடம் இந்தத் தெருவில். எனக்கு வாடிக்கையும் இந்தத் தெருவில்தான்.

நறநறவென்று கடிக்காதீர்கள். அந்தப் பல்லும் நான் செய்ததுதான்.

மேல்மாடிக்காரன்

*

மார்ச் 7

பல்செட்காரருக்கு,

நீங்கள் செய்த லட்சணம்! கீழ்வரிசை முதல் நாளே ஆடியது. பிள்ளைகுட்டிக்காரர், போகட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

என் மகன் ஏன் வரவில்லை தெரியுமா? உங்களால்தான். எப்போது போன் போட்டு வாடா என்றாலும், "மேல ஆள் இருக்காங்களேம்மா, பொண்டாட்டி புள்ளயோட வந்து நான் எங்க தங்குறது?" என்கிறான். அவன் கேட்பது நியாயம்தானே? கீழே எனக்கே ஒரு அறைதான். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டு சட்டம் பேசுகிறீர்கள்.

விசாரணைக்கு வருகிறான். "சரிம்மா" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு உங்கள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

வீட்டுக்காரி

*

ஏப்ரல் 18

அம்மா,

நேற்று விசாரணையில் அதிகாரி உங்கள் மகன் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் நீங்கள் வாசலையே பார்த்தீர்கள். "பஸ் லேட்டா இருக்கும் சார், இன்னும் கொஞ்ச நேரம்" என்றீர்கள். போன் போட்டுப் போட்டுப் பார்த்தீர்கள். கடைசியில் மனு தள்ளுபடி என்றார்கள்.

ஜெயித்தது நான். ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. என் மனைவியும் அழுதுவிட்டாள். ஆயிரம் சண்டை இருக்கலாம், அதற்காக உங்களை அப்படிப் பார்க்க எனக்கு ஆசையில்லை. சட்டம் என் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். மாதக் கடைசியில் காலி செய்கிறோம். மாடி காலியானால் அவர் வருவார்.

மேல்மாடிக்காரன்

*

ஏப்ரல் 19

பல்செட்காரருக்கு,

உங்கள் இரக்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டுங்கள். யார் கேட்டார்கள்? என் மகன் வராததை ஊரெல்லாம் பார்க்கும்படி செய்துவிட்டு, இப்போது பெரிய மனுஷன் வேஷம்!

நேற்று அவன் போன் பண்ணினான். லீவு கிடைக்கவில்லையாம். "என்னம்மா, காலி பண்ணிட்டாங்களா?" என்றான். "இல்லடா, சட்டம் அவங்க பக்கம் போயிடுச்சு" என்றேன். "அப்படியா, சரி விடும்மா, என்ன பண்றது" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. பெற்றவளுக்குத் தெரியாதா?

என் கண்ணெதிரே வராதீர்கள். என்னோடு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். செத்தாலும் உங்களை மன்னிக்கமாட்டேன்.

ஆனால் காலி மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் போய்விட்டால், மகன் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?

வீட்டுக்காரி