பதினான்காம் எண் நோயாளி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம், அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வரி வர மாட்டேன் என்கிறது. உன்னிடம் போனில் மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் நான் மருத்துவத் தகவலியல் பாடம் எடுப்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்தமூல ஆஸ்பத்திரி மென்பொருள் ஒன்றை லேபில் போட்டுக் கொடுத்தேன். சீட்டுப் பதிவதிலிருந்து ரத்தப் பரிசோதனை வரை எல்லாம் உண்டு, நோயாளிகள்தான் இல்லை. மாணவர்கள் தாங்களாக உண்டாக்கிய பதின்மூன்று பேருக்கும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தநாள், பதின்மூன்று பேருக்கும் காய்ச்சல். நிஜ ஆள் ஒருவர் வேண்டுமே என்று, அலமாரியில் பிளாஸ்டிக் பையில் கிடந்த அம்மாவின் ஆறு வருஷ ரிப்போர்ட்டுகளைப் பெயர் மாற்றிப் பதினான்காம் எண்ணில் ஏற்றினேன். கேட்டுத்தான் செய்தேன், என்னை வெச்சு நாலு பிள்ளைங்க படிச்சா நல்லதுதானே என்றாள். மூன்று ஆஸ்பத்திரி, மூன்று விதமான தாள். போன இடத்திலெல்லாம் கிரியேட்டினின் கொஞ்சம் கூட இருக்கு, தண்ணி நல்லா குடிங்க என்று சொல்லி அனுப்பியதோடு சரி. கேள்வி கேட்டே என் உயிரை வாங்கும் மாணவி ஒருத்தி எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டி, சார், இந்தம்மாவுக்கு கிட்னி வருஷா வருஷம் போயிட்டே இருக்கு, வீட்ல யாருமே பாக்கலையா என்று கேட்டாள். கிரியேட்டினின் கோடு மாடிப்படி மாதிரி ஏறியிருந்தது, அது ஏற ஏறக் கிட்னி இறங்குகிறது என்று அர்த்தம். சிதறிக் கிடக்கும் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன் நான்.

போன வாரம் அம்மாவைச் சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப் போனேன். போனது திரும்பாது, வேகத்தைத்தான் குறைக்கலாம், ஒன்றிரண்டு வருஷத்தில் மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் என்றார். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாதாம். பிள்ளைங்க இருக்காங்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, எங்களுக்குப் பிள்ளையே இல்லைங்க என்று சொல்லிவிட்டாள், கண்கூட இமைக்கவில்லை. அவர் மேசையிலும் அதே மென்பொருள்தான், பிள்ளைகள் என்ற கட்டத்தில் இல்லை என்று ஏறுவது எதிரில் உட்கார்ந்தே எனக்குத் தெரிந்தது. தப்பான தகவலை ஏற்றாதே என்று மாணவர்களைத் திட்டுகிறவன், திருத்தச் சொல்லவில்லை. வெளியே வந்து கோபப்பட்டதற்கு, அவளுக்கு இப்பத்தான் ஒரு வாழ்க்கை ஆரம்பிச்சிருக்கு, விடுங்க என்றாள். நான் சொன்னால் உன்னிடம் சிறுநீரகத்தைக் கேட்டதாகிவிடும், சொல்லாவிட்டால் அம்மாவைக் கைவிட்டதாகிவிடும். இந்தக் கடிதமே கேட்பதில் சேர்த்தியா என்றும் தெரியவில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை பாப்பா.

மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுக்கிறேன், உப்பைக் குறைத்ததற்குத் தினமும் சண்டை. போனில் பேசும்போது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேடி எடுத்து வரிசையாக வைத்துப் பார், மறந்துவிடாதே. அம்மாவுக்காகச் சொல்லவில்லை, உனக்காகத்தான். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். டாக்டரிடம் பிள்ளைகள் என்ற அந்தக் கட்டத்தில் இன்னும் இல்லை என்றுதான் இருக்கிறது.

உன் அப்பா