நீ கங்கையில் விட்ட கத்திரிக்காய்

இன்று மதியம் கடையில் டிபன் டப்பாவைத் திறந்ததும் கத்திரிக்காய்க் குழம்பு வாசம் கமகமவென்று எழுந்தது. பழக்கதோஷத்தில் டப்பாவை உன் மேசைப் பக்கம் நகர்த்திவிட்டேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அதற்கப்புறம் இன்றைக்குத்தான் கத்திரிக்காய் சமைத்தேன்.

நாமக்கல்லில் இந்த லாரி உதிரிபாகக் கடையில் பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். கத்திரிக்காய் கொண்டுவந்த நாளெல்லாம் நான் உன் தயிர்ச்சோற்றைத்தான் தின்றேன். டப்பாவை வழித்துவிட்டு, "நாளைக்கும் இதையே கொண்டா புள்ள" என்பாய். வெட்கமே கிடையாதடி உனக்கு.

ரிஷிகேசம் போக முதலில் என்னைத்தான் கேட்டாய். "சாமி கும்புட்டாப்லயும் ஆச்சு, ரப்பர் படகுல ஆட்டம் போட்டாப்லயும் ஆச்சு. வாரியா புள்ள?" மோகனூர்க் காவிரியிலேயே முழங்காலுக்கு மேல் இறங்காதவள் நான். பயம் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை என்றேன். நான் வராமல் நீயும் போகமாட்டாய் என்று தைரியமாக இருந்தேன். நீயோ எடப்பாடிக்காரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். கடையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள்!

போனில் போட்டோ வந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு, கொண்டைமேல் ஹெல்மெட் உட்காராமல், வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கிறாய். அலை முகத்தில் அடிக்கிறது. உன் கையோ அவள் தோளைப் பிடித்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தோள் என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது.

நீ திரும்பி வந்த அன்று, ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு விடியற்காலையிலேயே எழுந்து உனக்காகக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தேன். நீ டப்பாவைத் தொடவில்லை.

"கத்திரிக்காய உட்டுட்டு வந்துட்டேன் புள்ள."

காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காயை விட்டுவிட்டு வருவார்கள், தெரியும். ஆனால் நீ போனது ரிஷிகேசம். கேட்டதற்கு, "அங்கயும் அதே கங்கைதான" என்று சிரித்தாய். உலகத்தில் விடுவதற்கு வேறு காயே இல்லையா? என்னைத்தான் விட்டுவிட்டாய் என்று எனக்குப் பட்டது. வீம்புக்கு அடுத்த மூன்று நாளும் அதையே சமைத்து வந்து உன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ மோர்ச்சோற்றைப் பிசைந்தபடி என் டப்பாவையே பார்த்தாய். நாலாம் நாள், "இனிமே உனக்கு அவளே ஆக்கிப் போடட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடோனுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். அந்த மாதமே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாக நாம் பேசிய பேச்சு அதுதான்.

இன்று அந்த வாசத்துக்கு எடப்பாடிக்காரி எழுந்து வந்தாள். உன் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? அங்க நான் பாவக்காய உட்டனுங்க. எனக்கு அது ஆகவே ஆகாதுங்க, அதனால சுளுவா உட்டுட்டேன். அவங்களையும் அப்படியே பண்ணச் சொன்னேன். கேக்கலைங்க. 'கங்கைக்கிட்டப் பொய் சொல்லக்கூடாது, எனக்கு உசுரு அவ வெக்கிற கத்திரிக்காக் கொழம்புதான்'னு சொல்லி, அழுதுக்கிட்டே முங்குனாங்க."

கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டேன். இதை என்னிடம் சொன்னால் என்னவாம் உனக்கு? நான்தான் ஏன் கத்திரிக்காயை என்று ஒரு வார்த்தை கேட்டேனா? வெடுக்கென்று எழுந்துதானே போனேன்.

அழுகையோடு பொறாமையும் வந்தது, மறைப்பானேன். எனக்காக நீ அழுததை அவள் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

அவளுக்கும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு, "நீங்களும் ஒருக்காப் போயிட்டு வரலாமுங்கக்கா. தொணைக்கு நான் வாரேன்" என்றாள். படகில் அவள் தோளை நான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்!

போவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அங்கே எதை விடுவது? இந்தப் பொறாமையை விட்டுத் தொலை என்பாய். பிடித்ததைத்தானே விட வேண்டும்? இதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. நீ என்னுடையவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதை எந்த ஆற்றிலும் விடமாட்டேன்.

கங்கை கோபித்துக்கொண்டாலும் சரி, நானும் அவளைப் போலப் பாகற்காயை விட்டுவிட்டு வருகிறேன்.