வசனத்தில் இல்லாத கேள்வி

இன்று காலை மகர்பட்டாவில் எங்கள் குடியிருப்பில் மாறுவேடப் போட்டி. பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு மீசை ஒட்டிவிடச் சொன்னார்கள். பசை பாட்டிலைத் திறந்ததும் அந்தக் காட்டமான வாசனை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு நாடகத்துக்கும் உன் கணவருக்கு நீ மீசை ஒட்டிவிடும்போது வரும் அதே வாசனை. மீசையை அவள் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இந்த மராட்டிய ஊரில் நம் தமிழ் நாடகக் குழுவில் கணவன் மனைவி இருவருமே நடிப்பவர்கள் நீங்கள் மட்டும்தான். அதனால்தான் அந்தப் பழைய நாடகத்தை எடுத்தோம். தனக்கு முன்பே ஒரு திருமணம் நடந்ததைக் கணவன் மறைக்கிறான். மனைவிக்கு அது தெரியும். தெரியாதவள்போல் நடித்துக்கொண்டே குடும்பம் நடத்துகிறாள். கடைசிக் காட்சியில் அவன் உண்மையைச் சொல்ல, 'அறிவேன்' என்று அவள் ஒரே சொல்லில் முடிப்பாள். உன்னவர் சாமுவேல் அண்ணாவுக்குக் கணவன் வேடம், உனக்கு மனைவி வேடம். திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகளில், நாடகத்தில் இல்லாத வசனங்களை நீ பேச ஆரம்பித்தாய். 'ஸ்டேஷனிலிருந்துதானே வருகிறீர்கள்?' என்பாய். 'ஸ்டேஷனில் ஒரு பழைய நண்பரைப் பார்த்தேன்' என்று அவர் உடனே தொடங்குவார். எனக்கு எரிச்சலாக வந்தது. டீ குடிக்கும் இடைவேளையில் கேட்டேவிட்டேன்.

"ஏண்டி, எழுதினதைப் பேச மாட்டியா? நான் எதுக்குப் பேப்பரும் கையுமா நிக்கறேன்?"

நீ என்னை மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாய்.

"மெதுவா பேசு. அவருக்கு மறந்து போகுதுடி. வசனம் மட்டும் இல்ல. போன வாரம் சிஞ்ச்வட் ஸ்டேஷன்கிட்ட வீட்டுக்கு வழி தெரியாம நின்னிருக்கார். பக்கத்து ஃப்ளாட்காரர் பாத்துக் கூட்டிட்டு வந்தார். என்கிட்ட டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்றார்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"தனியா போய்ப் பாத்துட்டு வந்திருக்கார். அந்த மாத்திரையை சத்து மாத்திரைங்கறார். நானும் சரின்னு தலையாட்டறேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். யார்கிட்டயும் வாயைத் திறந்துடாதே, சம்ஜா, புரிஞ்சுதா?"

அதற்குப் பிறகு ஒத்திகையில் உட்காரவே எனக்குப் பயமாகிவிட்டது. அவர் தடுமாறும்போதெல்லாம் நீ சிரித்த முகத்தோடு ஒரு சொல்லை நீட்டுவாய். அவர் அதைத் தானே கண்டுபிடித்ததுபோல் பிடித்துக்கொள்வார். வீட்டிலும் இப்படித்தான் பொழுது போகிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாடகத்தன்று கேம்ப் ஏரியா ஹாலில் நல்ல கூட்டம். முதல் இரண்டு காட்சிகள் எப்படியோ தாண்டிவிட்டன. மூன்றாவதில் அவர் நின்றுவிட்டார். நீ அடியெடுத்துக் கொடுத்தாய், அசையவில்லை. நான் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னது அவர் காதில் விழவில்லை. நீ வேறொரு வாக்கியம் கட்டி, அதே சொல்லை மறுபடி அவர் முன்னால் வைத்தாய். முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் நீ சொற்களை ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தது அந்தக் கணத்தில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"உனக்கு எவ்வளவு நாளா தெரியும்?"

அந்த நாடகத்தில் எல்லோரும் எழுத்துத் தமிழில்தான் பேசுவார்கள். அவர் வீட்டில் கேட்பதுபோல் கேட்டார். நீ கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தாய்.

"முதல்லேருந்தே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அரங்கில் கைதட்டல் எழுந்தது. முதல் திருமண ரகசியம்தான் உடைந்தது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். திரையை இறக்கச் சொல்லிக் கைகாட்டினேன். மிச்சக் காட்சிகளை யாரும் தேடவில்லை.

திரைக்குப் பின்னால், மீசை பாதி பிய்ந்து தொங்க, அவர் உன் தோளில் நெற்றியைச் சாய்த்திருந்தார். "பயமா இருக்கு" என்றார். "எனக்கும்தான். இனிமே சேர்ந்தே பயப்படலாம், சலோ, வாங்க" என்றாய் நீ. அடுத்த வாரமே இருவருமாக டாக்டரிடம் போனீர்கள்.

நாங்கள் எல்லோரும் அவருக்காகத்தான் மனதைத் தயார்படுத்திக்கொண்டிருந்தோம். ஒரு மழைக்காலக் காலையில், மாரடைப்பில் நீ போய்விட்டாய்.

போன மாதம் சிஞ்ச்வட் வீட்டுக்குப் போனேன். உன் மகன் அவரோடு இருக்கிறான். "அவ எங்கே?" என்று அண்ணா கேட்டார். "மார்க்கெட் போயிருக்காங்கப்பா" என்று சொல்லிவிட்டு உன் மகன் என்னைப் பார்த்தான். நானும் தலையாட்டினேன். அவன் டீ போட உள்ளே போனதும் அண்ணா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்மா. எனக்கு இப்பல்லாம் ரொம்ப மறந்து போகுது. அவளுக்குத் தெரியாது. நீ சொல்லிடாதே, தாங்க மாட்டா."

அந்த மேடையும் அந்தக் கேள்வியும் அவரிடமிருந்து போய்விட்டிருந்தன. 'அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் அண்ணா' என்று நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் நீ போய்விட்டதையும் சொல்ல வேண்டும்.

"சொல்ல மாட்டேன் அண்ணா" என்றேன். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த வாக்கைச் சுமந்துகொண்டுதான் உன் வீட்டுக்குப் போய் வருகிறேன். அதை நான் காப்பாற்றும் வரை, அவருக்கு நீ மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறாய்.