காலித் தொட்டி

லோர்னா, எழுந்ததும் என்னைத் தேடி வெயிலில் அலையாதே. டீசல் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு நிறுத்தினார். அவரோடு அடுத்த பெட்ரோல் பங்க்குக்குப் போகிறேன். தொண்ணூறு கிலோமீட்டர். இந்த நல்லார்பார் பாலைவெளியில் போனும் எடுக்காது. வேனை விட்டு நகராதே.

குழாயைத் திறக்காதே, ஒரு சொட்டும் வராது. பாலையில் இறங்குமுன் எல்லாரும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் செடூனா ஊரில், நேற்று நான்தான் வேனின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காலி செய்துவிட்டேன். எண்பது லிட்டர் என்றால் எண்பது கிலோ. பாரம் குறைந்தால் டீசல் மிஞ்சும் என்று நினைத்தேன். டீசலும் பாரம்தானே என்று அரை டேங்க்தான் போட்டேன். எதிர்க்காற்று அதையும் குடித்துவிட்டது.

இவ்வளவும் செய்துவிட்டு, "உன் இரும்புச் சட்டிதான் டீசலைக் குடிக்குது"ன்னு உன்மேல் பாய்ந்தேன். "முதல்ல உங்க தொப்பையை இறக்கி வைங்க"ன்னு நீ சொன்னது சரிதான்.

கெட்டிலில் அரை டம்ளர் இருக்கிறது. நான் வரும்வரை அதைச் சிறிது சிறிதாகக் குடி.

மெர்வ்

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். டீசல் கேனை எடுக்கக் கட்டிலுக்கடியில் குனிந்தேன். உன் கம்பளிக்குப் பின்னால், எனக்குத் தெரியாமல் நீ ஏற்றி வைத்த தண்ணீர்க் கேன். இருபது லிட்டர்! என் பேச்சைக் கேட்காமல் இருந்தாயே, மகராசி. நான் ஒரு வாய்கூடத் தொடவில்லை. அத்தனையும் உனக்கு.