கவனிக்கச் சொன்னாய், கவனித்தேன்

கோச்கோர்,
ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் எசெனுக்கு,

உன் அபா, உன்னைப் பெற்ற தாய், எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் அந்த ருஷ்ய ஊர் நோவோசிபிர்ஸ்கில் நலமாக இருக்க அல்லாவைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் உறையைத் திருப்பிப் பார். மாவுப் பசையால் ஒட்டி, ஒட்டிய இடத்தில் என் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறேன். ரேகை கலைந்திருந்தால் லாரிக்காரன் சத்தார் வழியில் பிரித்துப் படித்துவிட்டான் என்று அர்த்தம். கேட்டால் குர்ஆனில் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்வான், நம்பாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். இந்த வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் பெண்டாட்டி பெர்மெத்தின் கையில். பொடி எழுத்து எனக்குத் தெரியாததால் வருகிற செய்தியை எல்லாம் அவள்தான் வாசித்துச் சொல்கிறாள். முழுவதும் வாசிக்கிறாளா, பாதியை விழுங்குகிறாளா, யார் கண்டது? பக்கத்து வீட்டுத் துர்துகானின் போனில் பேசலாம்தான். ஆனால் துர்துகானிடம் பேசினால் சந்தைக்கே பேசினது போல.

நவ்ரூஸ் பண்டிகை முடிந்த கையோடு அந்தத் துர்துகான் போனில்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். "அபா, அவமேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க. படிப்பு படிப்புன்னு என்னமோ நடக்குது. தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், இங்கேர்ந்தே மூணு தலாக் சொல்லி முடிச்சிடறேன்" என்றாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்வை என் நாக்கில் வைத்துவிட்டுப் போனை வைத்துவிட்டாய். சரி, பெற்ற பிள்ளை கேட்டான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். பார்த்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். பாதியில் நிறுத்திப் போனைத் தூக்காதே, கடைசி வரி வரைக்கும் படி.

படிப்பு என்னவென்று அவள் சொன்னதை முதலில் சொல்கிறேன். நாரின் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.ஐ. மெஷின் வரப்போகிறதாம். ஆளைக் குழாய் மாதிரி ஒன்றுக்குள் படுக்க வைத்துக் காந்தத்தால் உள்ளே இருப்பதைப் படம் பிடிக்குமாம். இவளைப் போல இங்கே எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவர்கள் அதைப் படித்துத் தேறினால் அங்கே எடுத்துக்கொள்வார்களாம். படிப்பு வெளிநாட்டிலிருந்து, எல்லாம் கம்ப்யூட்டரிலேயே. பள்ளிக்கூடமும் இல்லை, பெஞ்சும் இல்லை, வாத்தியார் பெட்டிக்குள் இருந்து பேசுகிறார். இதைக் கேட்டதும் எனக்கு மூக்கில் வியர்த்தது. யார் காதில் பூச் சுற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பசுவைக் கறந்து முடித்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கதவில் காதை வைத்தேன். வைக்கச் சொன்னது நீதானே. உள்ளே ஓர் ஆண் குரல். பிறகு இவள் குரல், தேனில் குழைத்த மாதிரி: "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே வெச்சுக்குங்க. அசையாதீங்க. ம், இப்ப விடலாம். ரொம்ப நல்லா செஞ்சீங்க." எசென், உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேன், அந்தக் குரலில் நான் அந்த மனிதனிடம் ஒரு கோப்பை தேநீர்கூடக் கேட்டதில்லை.

மறுநாள் கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு போனேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான். நாற்காலியில் கம்ப்யூட்டர். அதற்குள் ஓஷ் ஊர்ப் பக்கத்து ஆள், பெயர் ஹலீலாம், தொந்தியை மேலே தூக்கிக்கொண்டு தரைவிரிப்பில் மல்லாந்து கிடக்கிறான். அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி உட்கார்ந்து புலாவுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "வாங்க அபா, என் வீட்டுக்காரருக்கு மெஷின் இல்லாமலே ஸ்கேன் நடக்குது, உள்ள மூளை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று அவள் சிரிக்கிறாள். வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மெஷின் ஓட்டுகிறவராகவும் பழக வேண்டுமாம். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் ஆண்பிள்ளை யோக்கியன் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

அப்புறம்தான் தோடு. நம் வழக்கப்படி சம்பந்தம் பேசி முடித்த அன்று இந்தக் கையால் நான் அவள் காதில் போட்ட வெள்ளித் தோடு. அது காதில் இருக்கிற வரைக்கும் அவள் நம் வீட்டுப் பெண். ஒரு மாலை அறையிலிருந்து மூளிக் காதோடு வெளியே வந்தாள். தோடும் மோதிரமும் ஜன்னல் ஓரத்துக் கிண்ணத்தில் கிடந்தன. இருந்தது ஒரே சந்தேகம், அதுவும் தீர்ந்தது என்று நினைத்தேன். அவளைக் கேட்கவில்லை. தோட்டை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். மனம் போய்விட்டவள் தேட மாட்டாள் இல்லையா?

தேடினாள். விரிப்பை எல்லாம் உதறினாள். மாட்டுக் கொட்டில் சாணியைக் கையாலேயே கிளறினாள். "என்னடி தேடறே?" என்றேன். "ஒண்ணுமில்ல அபா" என்றாள், கண் சிவந்திருந்தது. நடிப்பாகவும் இருக்கலாம் என்று இன்னும் ஒரு நாள் விட்டுவைத்தேன். அன்றைக்கு அவள் ரொட்டிகூடத் தொடவில்லை. பிறகு நானே அரிசி எடுக்கும்போது கிடைத்த மாதிரி கொடுத்தேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வகுப்புக்கு முன்னாடி உடம்புல ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாதுன்னு வாத்தியார் கேமராவுல காதக் காட்டச் சொல்றாரு அபா. இப்பவே கை பழகலேன்னா நாளைக்குக் காந்தம் பிடுங்கிட்டுப் போயிடும்" என்றாள். நான் தவறாக நினைப்பேன் என்றுதான் சொல்லவில்லையாம். என் மனசு உருகிற்று. ஆனால் உருகின மனசைத்தான் ஏமாற்றுவது சுலபம் என்று மறுபடியும் இறுக்கிக்கொண்டேன்.

அந்த வாரமே இன்னொன்று. தேநீர் குடிக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அபா, உங்க ஒடம்புல எங்கெங்க உலோகம் இருக்கு? பல்லு எத்தன?" என்று கேட்டாள். பல்லுக்கு விலை பேசுகிறாள் என்றே நினைத்தேன், மகனே. என் தங்கப் பல்லை நான் இருக்கும்போதே எடை போடுகிறாள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்கிறாளாம். "உளவு பாக்காத, போய் வேலையப் பாருடி" என்று விரட்டினேன். துர்துகானிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். இப்போது தெருவில் யார் என்னைப் பார்த்தாலும் "பல்லு பத்திரமா?" என்கிறார்கள்.

போன மாதம் செய்முறைப் பயிற்சி என்று தலைநகர் பிஷ்கெக் போனாள். திரும்பி வந்ததும் அவள் தலைத்துணியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி மருந்து வாடைதான். மருந்து வாடை உள்ள ஆண்பிள்ளைகளும் உண்டு என்று அதையும் ஒரு ஓரத்தில் வைத்தேன். ஆக மொத்தம், உனக்கு எழுத வேண்டிய கடிதம் என் மனசில் தயாராகிவிட்டது. "அவளை விட்டுவிடு" என்று எழுதுவதாகத்தான் இருந்தேன்.

அப்போதுதான் அந்தக் காலை வந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் போனைப் பார்த்தாள், அப்படியே மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். கைவிட்டுவிட்டான் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். யார் என்று கேட்டேன். "ஃபெயிலாயிட்டேன் அபா" என்றாள். நம் உடம்பில் இருக்கிற தண்ணீருக்குள் எதுவோ பம்பரம் மாதிரி சுற்றுகிறதாம். அது காந்தத்தில் எப்படித் திரும்புகிறது என்ற தாளில் கோட்டை விட்டுவிட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "ஃபெயிலா? பாஸ் போட எவ்வளவு கேக்கறாங்க? ஆடு வேணும்னா ஓட்டிட்டுப் போலாம்" என்றேன். "கேக்க அங்க ஆளே இல்ல அபா. மெஷினே கேள்வி கேக்குது, மெஷினே மார்க்கு போடுது. கேட்டிருந்தா தேவலையே, என் மாட்டையே வித்திருப்பேன்" என்று இன்னும் பெரிதாக அழுதாள்.

எசென், நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் ஆயுசில் பரீட்சையில் தோற்ற ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் யார் தோற்கிறார்கள்? உன் வெல்டிங் டிப்ளோமாவில் எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து. அந்த ஐந்துகள் எந்தக் கொட்டிலிலிருந்து போயின என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பிரின்சிபாலின் சமையலறைக்கும் தெரியும். பொய்ப் படிப்பு படிக்கிறவள் பூக்கொத்தோடு வருவாள், சட்டம் போட்ட சான்றிதழோடு வருவாள். தோற்றேன் என்று அழுதுகொண்டு எவளாவது வருவாளா? அந்த நிமிஷம் என் சந்தேகம் அத்தனையும் செத்துப்போயிற்று. மாவை நான் பிசைந்தேன், அவளை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன்.

இலையுதிர் காலத்தில் மறுபடியும் எழுதலாமாம். "எதுக்குடி இந்தப் பாடு, புருஷன் சம்பாதிச்சு அனுப்பறானே" என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் நீங்களும் என்ன பண்றது அபா? நாரின்ல வேல கெடச்சா ரெண்டு பேரும் அங்க ஒரு வீடு பாத்துக்கலாம்."

நானும் நீங்களும். அந்தக் கணக்கில் நான் இருக்கிறேன். நீ இல்லை. அன்றையிலிருந்து என் மண்டையைக் குடைகிறது. இவளுக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியவில்லை?

கவனிக்கப் பழகிய கண் சும்மா இருக்குமா? இப்போது அது உன் பக்கம் திரும்பிவிட்டது. முன்பெல்லாம் முகம் காட்டிப் பேசுவாய், நவ்ரூஸுக்கு அப்புறம் வெறும் குரல். கேமரா உடைந்துவிட்டது என்கிறாய். வேலையாட்கள் விடுதியில் ஆறு பேரோடு தங்கியிருக்கிறவனின் போனில் பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. போன முறை ஒரு பெண் குரல், "சூப் ஆறுது" என்று ருஷ்ய மொழியில் சொல்லிற்று. டிவி என்றாய். டிவி உனக்கு ஏன் சூப் ஊற்றுகிறது? அவள்மேல் கண் வைக்கச் சொன்னாயே, நான் எதையும் பார்ப்பதற்கு முன்பே உனக்கு எங்கிருந்து சந்தேகம் வந்தது? குற்றம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. ஒரு குற்றம் கண்டுபிடித்துக் கொடு என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பெற்றவளின் நாக்கா உனக்குக் கிடைத்தது? அந்த நாக்கு கூசுகிறதடா.

நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும். நான் சந்தேகப் பிராணிதான், ஊருக்கே தெரியும். அப்படியென்றால் வா. அறுவடைக்கு முன்னால் வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துப் பேசு. இந்தக் கடிதத்துக்குப் போனில் பதில் சொல்லாதே. அந்த மூன்று வார்த்தையைப் போனில் சொல்லவே சொல்லாதே. அவளிடம் உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி தேநீர் ஊற்றிக்கொள்கிறோம்.

வராவிட்டால் ஒன்று தெரிந்துகொள். அவளைத் துரத்திவிட மாட்டேன், பிறந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன். என் வயிற்றில் பிறந்த மகளாக வைத்துக்கொண்டு, அவள் பரீட்சை தேறியதும் நல்ல இடமாகப் பார்த்து, இந்த வாசலிலிருந்து நானே கட்டிக்கொடுப்பேன். அந்தக் கல்யாணத்துக்கு உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன்.

நீ எங்கே யாரோடு இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள், குளிர் வந்தால் காதை மூடிக்கொள். அல்லா உன்னைக் கெட்ட வழியிலிருந்து காக்கட்டும். காக்க முடியாவிட்டால் சீக்கிரம் வீட்டுக்காவது கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னைப் பெற்ற,
கான்ஷாயிம்.