கிழக்கு வார்டில் ‘ஒன்று’ மட்டும் போட்ட நாற்பத்து நான்கு வாக்குகள் குறித்து

அனுப்புநர்:
நா மூநே பா (வயது 41),
உதவி ஆசிரியை, டல்லீனா பாலர் பள்ளி,
7, பழைய ரயிலடித் தெரு,
டல்லீனா, விக்டோரியா.

பெறுநர்:
தேர்தல் அதிகாரி அவர்கள்,
வர்ரன்பா ஊராட்சி மன்றத் தேர்தல்.

பொருள்: கிழக்கு வார்டு கவுன்சிலர் தேர்தலில் வாக்களிக்கும் முறையைத் தெரிந்தே தவறாகச் சொல்லித் தாள் கொடுத்தது, அதனால் நாற்பத்து நான்கு வாக்குகள் செல்லாமல் போனது குறித்து விசாரணை கோருதல்.

இணைப்பு: தாள் ‘அ’, தாள் ‘ஆ’.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுதாரராகிய நான் கரேன் இனத்தைச் சேர்ந்தவள். தாய்லாந்து எல்லையிலுள்ள அகதி முகாமில் பதினாறு ஆண்டுகள் இருந்துவிட்டு, 2011 ஜூலை மாதம் கணவருடனும் கைக்குழந்தையுடனும் இந்நாட்டுக்கு வந்தேன். 2016 முதல் இந்நாட்டுக் குடிமகள். டல்லீனாவில் எங்கள் இனத்தார் இன்று முப்பத்தொரு குடும்பம். பெரும்பாலோருக்குத் தக்காளிப் பண்ணையில் வேலை. யார் வீட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் அது கடைசியில் என் கைக்கு வந்து சேரும். மின்கட்டண ரசீது, மருத்துவமனைத் தேதி, பள்ளி அறிக்கை எல்லாவற்றையும் படித்துச் சொல்வது என் வழக்கம். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நான் ஒன்று சொன்னால் அவர்கள் மறுபேச்சில்லாமல் கேட்பார்கள் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

2. எங்கள் ஊர்ப் பாலர் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளியுள்ள தலைமை ஊருக்கு அனுப்பலாம் என்று சென்ற மன்றத்தில் பேச்சு எழுந்தது. இருபத்து மூன்று பிள்ளைகளில் பதினாறு பேர் எங்கள் பிள்ளைகள். பண்ணையில் காலை ஐந்தரைக்கு வேலைக்கு நிற்கிற தாய், நான்கு வயதுக் குழந்தையை நாற்பத்தாறு கிலோமீட்டர் கொண்டுபோய் விட முடியாது. நான் அதே பள்ளியில் வேலை செய்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. மூடலை ஆதரித்தவர் எங்கள் வார்டின் கவுன்சிலர் திரு. கிரேம் ஆட்லி. அவரை எதிர்த்துப் பண்ணையின் லாரி ஓட்டுநர் ஸா லெர் மூ நின்றார். எங்கள் இனத்தில் ஒருவர் இந்த ஊரில் தேர்தலில் நிற்பது அதுவே முதல் தடவை. வேறு இருவரும் நின்றதால், விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டிய வாக்குச்சீட்டில் மொத்தம் நான்கு பெயர்கள்.

3. இந்தப் புகாருக்கு உரியவர் திரு. டெஸ் ஹாலம். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வார்டின் கவுன்சிலராக இருந்தவர். அவர் மனைவி மெர்ல், திரு. ஆட்லியின் உடன்பிறந்த அக்காள்.

அவரை நான் ‘எதிர்மனுதாரர்’ என்று எழுதித்தான் தொடங்கினேன். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். கை வரவில்லை. இவ்வூர்க் குளிர்காலத்தில் நாங்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் ஐந்து கம்பளிகளோடு காத்திருந்தவர் அவர். உப்பு ஏரிச் சாலையில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் வேலியில் இடித்து அவருடைய காரின் விளக்கை உடைத்தபோது, “வேலி கெட்டுப்போகலையே, அப்புறம் என்ன?” என்று சிரித்தவர். நான் குடியுரிமை பெற்ற நாளில் என் பக்கத்தில் நின்றவர். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் டெஸ் மாமா. ஆகவே, தாங்கள் அனுமதித்தால், அவரை அப்படியே குறிப்பிடுகிறேன்.

4. அக்டோபர் இரண்டாம் வாரம் வாக்குச்சீட்டுகள் தபாலில் வந்தன. அதற்கு இரண்டு நாள் கழித்து டெஸ் மாமா பாலர் பள்ளிக்கு வந்து ஐம்பது தாள்கள் கொண்ட கட்டைக் கொடுத்தார். அதுவே தாள் ‘அ’. சீட்டின் படம் போட்டு, லெர் மூவின் பெயருக்கு எதிரே 1 என்று எழுதியிருந்தது. மற்ற மூன்று கட்டங்களும் காலி. அடியில், யார் அச்சடித்தது என்ற பெயரோ முகவரியோ இல்லை. அப்படி இருந்தாக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மூன்று தேர்தலில் நின்றவருக்குத் தெரியும்.

நான் கேட்காமல் இல்லை, ஐயா. “மாமா, கவர்ல இருந்த தாள்ல எல்லா கட்டத்துலயும் நம்பர் போடணும்னு இருக்கே?” என்று கேட்டேன். அவர் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்து, என் தேநீரை வாங்கிக்கொண்டு இப்படிச் சொன்னார்:

“அது பெரிய தேர்தலுக்கும்மா. இங்க நீ கிரேமுக்கு ரெண்டுன்னு எழுதினா, லெர் மூவுக்குப் போட்டதுல பாதி அவனுக்குப் போயிடும். உன் ஆளு ஜெயிக்கணுமா வேணாமா? ஒண்ணு மட்டும் போடு, மத்ததத் தொடாத. பன்னெண்டு வருஷம் கவுன்சிலரா இருந்தவன் சொல்றேன்.”

“சொந்த மச்சானுக்கு எதிராவா மாமா வேலை செய்றீங்க?” என்றேன்.

“மச்சான் வேற, நியாயம் வேற” என்றார். அன்று வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லை என் கணவரிடம் இரண்டு முறை சொல்லி மகிழ்ந்தேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

5. அந்த வார சனிக்கிழமை பாலர் பள்ளியில் எங்கள் மக்களைக் கூட்டினேன். தாளை ஆளுக்கொன்று கொடுத்து, அதில் இருந்ததைக் கரேன் மொழியில் சொன்னேன். எவர் சீட்டிலும் நான் கை வைக்கவில்லை. அவரவர் சீட்டை அவரவரே மறைவில் நிரப்பினர். பேனா போதாமல் பிள்ளைகளின் பச்சை மையெழுதுகோல்களை எடுத்துக் கொடுத்தேன்.

பண்ணையில் மேற்பார்வை வேலை செய்யும் பா கூ என்ற பெண், வயது இருபத்தாறு, கை தூக்கினாள். “அக்கா, இதுல எல்லா கட்டத்துலயும்னு தெளிவா போட்டிருக்கு. தேர்தல் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே? கரேன்ல பேசறவங்களே இருக்காங்களாம்” என்றாள். நான் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம், “டெஸ் மாமாவ விட உனக்கு அதிகம் தெரிஞ்சுபோச்சா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தன் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளோடு இளையவர்கள் சிலரும் போனார்கள். அவர்கள் வாக்குகள் செல்லுபடியாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

போகாமல் என்னோடு இருந்தவர்களில் ஸா டோ வாவும் ஒருவர். வயது எழுபத்தொன்று. பிறந்த நாட்டில் அவரை யாரும் வாக்களிக்க விட்டதில்லை; முகாமிலும் இல்லை. தபால் பெட்டியில் உறையைப் போடும் முன் அதைக் கையில் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னார். “நல்லா எடும்மா, கவர் தெரியணும், என் மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல” என்றார். அந்தப் படம் இன்று அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

6. நவம்பர் இரண்டாம் தேதி வாக்கு எண்ணும் இடத்தில் லெர் மூவின் முகவராக நான் இருந்தேன். நான் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு தாங்கள்தான் நாற்காலி போடச் சொன்னீர்கள். தங்களுக்கு நினைவிருக்காது.

முதல் உறைகளில் இருந்து ஒரு சீட்டு வந்தது. லெர் மூவுக்கு எதிரே பச்சை மையில் ஒன்று. என் மனம் குளிர்ந்தது. மேசையில் இருந்த அம்மையார் அதை எடுத்து, இடப்பக்கத் தட்டில் போட்டார். அடுத்ததும் பச்சை, அதுவும் அங்கேயே. மூன்றாவதும். இடப்பக்கத் தட்டு லெர் மூவின் தட்டு என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது வரை எண்ணிவிட்டு, மகிழ்ச்சி தாங்காமல், “இது எங்க ஆளோட தட்டுங்களா?” என்று கேட்டேன்.

அந்த அம்மையார் நல்லவர். மெதுவாகச் சொன்னார்: “இல்லைங்க, இது செல்லாதது. நாலு கட்டத்துலயும் நம்பர் போட்டிருக்கணும். இவங்க ஒண்ணோட விட்டுட்டாங்க.”

அதன்பின் அந்த நாற்காலியை விட்டு நான் எழவில்லை. ஒவ்வொரு பச்சைச் சீட்டும் அந்தத் தட்டில் விழுவதைப் பார்த்தேன். ஒரு சீட்டில் ஒன்று என்பது எங்கள் எழுத்தில் இருந்தது. அது யார் கை என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். மொத்தம் செல்லாதவை ஐம்பத்திரண்டு. அவற்றில் லெர் மூவுக்கு ஒன்று மட்டும் போட்டவை நாற்பத்து நான்கு. திரு. ஆட்லி வென்றது பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில்.

7. அப்போதும் நான் டெஸ் மாமாவுக்கு விவரம் தவறிவிட்டது என்றே நினைத்தேன். வயதாகிவிட்டது, சட்டம் மாறியிருக்கும், பாவம் அவர் கேட்டால் துடித்துப்போவார் என்று நினைத்தேன். அவரை எப்படித் தேற்றுவது என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் தபால் நிலையத்து ஜனெட் அம்மையார் என்னைக் கூப்பிட்டுத் தாள் ‘ஆ’வைக் கொடுத்தார். அது அக்டோபரில் அவருக்கும் அவர் தெருவாருக்கும் டெஸ் மாமா தம் கையாலேயே கொடுத்தது. அதே படம், அதே வகைக் காகிதம். அதில் நான்கு கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. ஆட்லிக்கு 1. லெர் மூவுக்கு 4. கீழே, “எல்லாக் கட்டங்களையும் நிரப்பவும், இல்லையேல் வாக்கு செல்லாது” என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஜனெட் அம்மையார், தேவைப்பட்டால் தாமே வந்து சாட்சி சொல்வதாகக் கூறியுள்ளார்.

8. அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கொட்டகையில் மருந்து தெளிக்கும் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு தாளையும் அவர் முன் வைத்தேன். அவர் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். மறுக்கவில்லை.

“உங்களுக்கு என்னம்மா கெட்டுப்போச்சு? வீடு இருக்கு, வேலை இருக்கு. ஊரு இன்னும் அதுக்குத் தயாராகல. லெர் மூ ஜெயிச்சிருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவான். உங்க ஜன்னல்ல கல்லு விழும். அது நடக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன். இன்னும் நாலு வருஷம் போகட்டும், நானே அவன நிறுத்துறேன்” என்றார்.

“எங்கள வேணாம்னு சொல்லியிருக்கலாமே மாமா. மச்சானுக்குத்தான் போடுவேன்னு சொல்லியிருந்தாலும் கோவிச்சிருக்க மாட்டோமே” என்றேன்.

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி மெர்ல், “என்ன டெஸ் செஞ்ச நீ?” என்று கேட்டார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று அவர் முகம் சொன்னது. டெஸ் மாமா என்னைப் பார்த்து, “தேநீர் குடிச்சிட்டுப் போ, மூநே” என்றார்.

நான் குடிக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியது அதுவே முதல் முறை.

ஐயா, எங்களை வெறுத்து ஒருவர் இதைச் செய்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். எங்களை விரட்டியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களை எப்படித் தாங்குவது என்று எங்களுக்குத் தெரியும். கம்பளி போர்த்தியவரின் கையை எப்படிச் சந்தேகிப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

9. லெர் மூ புகார் கொடுக்க விரும்பவில்லை. “விடுக்கா. நாம வந்த எடம். நாளைக்கும் அவரு முகத்துலதான் முழிக்கணும்” என்கிறார். அவர் விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் போன வாக்குகள் அவருடையவை அல்ல, போட்டவர்களுடையவை. முறையீடு செய்யப் பதினான்கு நாளே அவகாசம் என்று பா கூ படித்துச் சொன்னாள். இம்மனுவை எழுத எனக்கு உதவியவளும் அவளே. நான் மன்னிப்புக் கேட்டபோது, “மொதல்ல மனுவ முடிக்கா” என்றாள்.

10. எனவே தங்களிடம் நான் வேண்டுவன:

தாள் ‘அ’, தாள் ‘ஆ’ இரண்டையும் அச்சடித்துக் கொடுத்தது யார், எந்த எண்ணத்தில் என்று முறைப்படி விசாரிக்க வேண்டும். இத்தேர்தல் முடிவை மறு ஆய்வுக்கு எடுத்துச் செல்ல வழி உண்டெனில், அது வாக்காளராகிய எனக்கும் உண்டா என்று தெரிவிக்க வேண்டும். வரும் இருபத்தாறாம் தேதி புதிய மன்றத்தின் முதல் கூட்டத்தில் பாலர் பள்ளியை மூடும் தீர்மானம் வருகிறது. விசாரணை நடப்பதை அதற்குள் மன்றத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அந்த விசாரணையில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். தாளை ஆளாளுக்குக் கொடுத்தது என் கை. அதை எங்கள் மொழியில் சொன்னது என் வாய். தெரியாமல் செய்தேன் என்பது உண்மை. கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னவளை வாயடைத்தேன் என்பதும் உண்மை. தண்டம் எதுவாயினும் ஏற்கிறேன்.

11. கடைசியாக ஒன்று. தம் வாக்கு எண்ணப்படவே இல்லை என்பது, என்னைத் தவிர, அந்த நாற்பத்து நான்கு பேரில் வேறு எவருக்கும் இதுவரை தெரியாது. எண்ணப்பட்டு, தோற்றுப்போனோம் என்று நம்புகிறார்கள். ஸா டோ வா நேற்றுகூட என்னிடம், “தோத்தா என்ன, இந்த ஊரு நம்மள ஒரு தடவ எண்ணிப் பாத்துச்சுல்ல, அது போதும்” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் அவர்கள் எல்லோரையும் இருக்கச் சொல்லியிருக்கிறேன். நடந்ததை நானே சொல்லப்போகிறேன். அதன்பின் வாக்களிக்கும் முறை பற்றி நான் எது சொன்னாலும் அவர்கள் நம்பக் கூடாது; நம்ப மாட்டார்கள். ஆகவே, நான்கு கட்டங்களையும் எப்படி நிரப்ப வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை, கரேன் மொழியில், அலுவலக முத்திரையோடு, தாங்களே ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனிக் கடிதமாக அனுப்ப வேண்டும். என் வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அவரவர் வீட்டுக்கே அனுப்புங்கள். படித்துச் சொல்ல பா கூ இருக்கிறாள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
நா மூநே பா
(கையொப்பம்)

இடம்: டல்லீனா
நாள்: 9 நவம்பர் 2024